நவம்பரில் இருந்த பெயர்கள்

லியோனா வெர்த் முப்பத்தொரு வருஷமாகக் கை தட்டியதில்லை. கூடைப்பந்து ஆட்டத்தில் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் எல்லாரையும்போல நன்றாகவே தட்டுவாள். ஹாலவே சமுதாயக் கல்லூரியின் உள்ளூர் ஆட்டங்களுக்கு ஸ்கோர் புத்தகம் எழுதுகிறவள் அவள்தான். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு நடுக்கோட்டுக்கு எதிரே இருக்கும் மேஜையில் உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு ஊரும் கிடையாது, உறவும் கிடையாது. அந்த மேஜையில் இருப்பவர்கள் எந்தப் பக்கத்துக்கும் ஆரவாரம் செய்யக்கூடாது என்பது விதி. பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தை ஓட்டும் ஆள் கடைசி நொடியில் நம் பையன் கூடை போட்டால் மேஜைக்கு அடியில் காலையாவது தட்டிக்கொள்வான். லியோனா பென்சிலை மட்டும்தான் அசைப்பாள்.

மற்ற நாட்களில் அவளுக்குத் தானியக் கிடங்கில் வேலை. எடைமேடைக்கு மேலே ஜன்னல் வைத்த சின்ன அறை. விவசாயிகள் கோதுமையோ சோளமோ ஏற்றிக்கொண்டு ட்ரக்கோடு மேடையில் ஏறுவார்கள், எடை எழுதுவாள். கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி ஏறுவார்கள். மறுபடி எடை எழுதுவாள். மேற்குக் கான்சாஸில் ஜனவரி, பிப்ரவரியில் வயலில் வேலை இருக்காது. ஆகவே அந்த அறையில் எந்நேரமும் நாலைந்து பேர் காபிக் கோப்பையோடு காலை நீட்டிக்கொண்டு, ஊரில் இருக்கிற கோச்சுகளையெல்லாம் வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். மேல்நிலைப் பள்ளி கோச் போவார், கால்பந்து கோச் போவார், பத்து மணிக்கெல்லாம் கல்லூரிக் கூடைப்பந்து கோச்சிடம் வந்து நிற்கும் பேச்சு.

அந்தக் குளிர்காலத்தில் பேச்சு அவரைவிட்டு நகரவே இல்லை. பெயர் டெல் ஹார்கிஸ். வந்து ஐந்து வருஷம். அவர் வருவதற்கு முன் அணியில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத்துப் பையன்கள். ஆட்டங்களில் பாதி தோல்வி. ஹார்கிஸ் தன் பழைய வேனை எடுத்துக்கொண்டு மிசிசிப்பி, அர்கன்சா, இண்டியானா என்று அலைந்து, பெரிய பல்கலைக்கழகங்கள் ஏறெடுத்தும் பார்க்காத பையன்களாகப் பார்த்துக் கூட்டிவந்தார். மூன்றாம் வருஷம் மாநிலத்தில் இரண்டாவது இடம். இதைச் சாதனை என்று பாதி ஊர் சொன்னது. மீதிப் பாதி, இது நம் அணியே இல்லை, வாடகைக்குப் பிடித்த அணி என்றது.

மீதிப் பாதியின் குரல் நார்பர்ட் டெக்கன்ட். லியோனாவின் கூடப்பிறந்த அண்ணன், அணியின் ஆதரவாளர் சங்கத் தலைவர், ஊரிலேயே உரத்த தொண்டை. அவருக்குச் சொந்தக் கோபமும் ஒன்று இருந்தது. லியோனாவின் ஒரே மகன் கெல்வின் இரண்டு வருஷமாக அந்த அணியில் இருந்தான். இரண்டு வருஷமும் பெஞ்சில். லியோனா அவன் பெயரை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புத்தகத்தில் எழுதுவாள். பெயருக்கு எதிரே இருக்கும் கட்டங்கள் காலியாகவே கிடக்கும். ஊர்ப்பையன் ஒருவனாவது இருக்கிறான் என்று காட்டத்தான் கெல்வினைச் சேர்த்தார்கள் என்றும், அதைவிட அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைத்திருக்கலாம் என்றும் நார்பர்ட் எடைமேடை அறையில் பல தடவை சொல்லியாகிவிட்டது.

இதெல்லாம் வெறும் காபிப் பேச்சாகப் போயிருக்கும். ஆனால் லியோனா கல்லூரியின் நிர்வாகக் குழுவிலும் இருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன் வேறு யாரும் நிற்காத தேர்தலில் போட்டியின்றி ஜெயித்தவள். கூரை ஒழுகுவது, வண்டி நிறுத்தும் இடம் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்த குழுவில் ஏழு பேர். ஹார்கிஸின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பிப்ரவரி இரண்டாம் திங்கட்கிழமை அவர்கள் ஓட்டுப்போட வேண்டும். மூன்று பேர் வேண்டும் என்றார்கள், மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ஏழாவது ஓட்டு லியோனாவுடையது.

அவள் எப்படிப் போடுவாள் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. பெற்ற பிள்ளையை இரண்டு வருஷம் உட்கார வைத்தவனுக்கு எந்தத் தாய் ஓட்டுப்போடுவாள்? ஜனவரி இரண்டாம் வாரத்தில் ஒருநாள் காலை, அறை நிறைய ஆள் இருக்கும்போதே நார்பர்ட் விஷயத்தை முடித்துவைத்தார்.

"நம்ம பக்கம் நாலுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் லியோனா. அன்னிக்கு நீ வந்து கையைத் தூக்கினா போதும்."

"என் கை எந்தப் பக்கம் தூக்கும்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா அண்ணே?"

"இதுல கேக்க என்ன இருக்கு? கெல்வின் என் தங்கச்சி பையன் இல்லையா?"

"அவன் எனக்கும் பையன்தான். நான் இன்னும் எடை போட்டுப் பாக்கல. பாத்துட்டுச் சொல்றேன்."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வெளியே மேடையில் ஒரு சோள ட்ரக் ஏறி ஹாரன் அடித்தது. ஜன்னலைத் திறந்து எடை எழுதினாள்.

அவள் யோசனை ரொம்ப எளிமையானது. ஊர் இரண்டாகப் பிரிந்து சண்டை போடுவது, பையன்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைப் பற்றியும், எத்தனை ஆட்டம் ஜெயித்தோம் என்பதைப் பற்றியும். ஒரு பையன் வரும்போது எப்படி வந்தான், போகும்போது எப்படிப் போனான் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு வண்டியை ஒரு தடவை மட்டும் எடை போட்டு யாராவது கணக்குச் சொல்ல முடியுமா? இதுகூடத் தெரியாமல் முப்பது வருஷமாக மேடையில் ஏறி இறங்குகிறார்களே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

எடை போடத் தேவையானது அவள் வீட்டிலேயே இருந்தது. கல்லூரியில் இடமில்லை என்று பழைய ஸ்கோர் புத்தகங்களை முப்பத்தொரு வருஷமாக அவள்தான் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் கணவன் எர்வினை நாற்காலியில் ஏறச்சொல்லி எல்லாவற்றையும் இறக்கினாள். எர்வின் அதிகம் பேசாத மனிதன். தூசியில் இரண்டு தும்மல் தும்மிவிட்டு, சாப்பாடு எப்போது என்று கேட்டான். மேஜையில் இடமில்லை, கையில் வாங்கிக்கொண்டு நின்றே சாப்பிடு என்று சொல்லிவிட்டாள்.

ஸ்கோர் புத்தகத்தில் ஃப்ரீ த்ரோவுக்கு, அதாவது எதிரணி தப்பு செய்ததற்காகக் கிடைக்கும் எறிதலுக்கு, ஒரு வட்டம் போடவேண்டும். பந்து விழுந்தால் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும், விழாவிட்டால் வெறும் வட்டமாக விட்டுவிட வேண்டும். ஃப்ரீ த்ரோ போடும்போது யாரும் தடுக்க மாட்டார்கள், யாரும் உதவவும் மாட்டார்கள். பையனும் கூடையும் மட்டும்தான். கற்றுக்கொடுத்தது உள்ளே இறங்கியிருக்கிறதா என்பதை அங்கே மறைக்க முடியாது. ஆகவே லியோனா வட்டங்களை எண்ணினாள். அங்கே படிப்பு இரண்டு வருஷம்; ஆகவே ஒவ்வொரு பையனுக்கும் முதல் வருஷத்து நவம்பர் ஒரு பக்கம், இரண்டாம் வருஷத்துப் பிப்ரவரி இன்னொரு பக்கம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எண்ணினாள். வேலைநாட்களில் சாயங்காலம் வந்ததும் எண்ணினாள்.

முந்தைய இரண்டு கோச்சுகளின் பையன்கள் வரும்போது நூற்றுக்கு அறுபத்துநாலு போட்டார்கள், போகும்போதும் அறுபத்துநாலு. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள், வந்தமாதிரியே போனார்கள். ஹார்கிஸின் பையன்கள் வரும்போது ஐம்பத்தெட்டு. போகும்போது எழுபத்தொன்று. லியோனா நம்பாமல் இரண்டாம் தடவையும் எண்ணினாள். அதே எழுபத்தொன்றுதான் வந்தது. அந்த மனிதனுக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியும் என்பதில் பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாம் தடவை எண்ணும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. சில பையன்களுக்கு இரண்டாம் பக்கத்தில் எழுத ஒன்றுமே இல்லை. அவர்கள் நவம்பரில் இருந்தார்கள், டிசம்பரில் இருந்தார்கள். ஜனவரிப் பக்கத்தில் பெயரே காணோம். அந்த இடத்தில் வேறு பெயர், வேறு எண். எழுதியது அவள் கைதான். ஒவ்வொரு ஜனவரியும் அணிப் பட்டியலைக் கொடுப்பார்கள், அவள் அழகான கையெழுத்தில் எழுதிக்கொள்வாள். யார் விட்டுப்போனார்கள் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. ஐந்து குளிர்காலத்தில் பத்தொன்பது பேர். அதில் ஒரு பெயரைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே வைத்தாள். அமாரி ப்ளெட்சோ.

அமாரி மிசிசிப்பிக்காரன். ஹாலவேயில் ஒரு வழக்கம் உண்டு. தூரத்திலிருந்து வரும் ஒவ்வொரு ஆட்டக்காரனையும் ஊரில் ஒரு குடும்பம் தத்தெடுத்த மாதிரி வைத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அங்கே, துணி துவைப்பது அங்கே, விடுதியை மூடும் பண்டிகை நாட்களில் படுக்கையும் அங்கே. இரண்டு வருஷத்துக்கு முன் லியோனா வீட்டுக்கு வந்தவன் அமாரி. கிறிஸ்துமஸ் அன்று மேஜையில் நார்பர்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஜோக்குகளுக்கெல்லாம் சிரித்தான், உருளைக்கிழங்கை இரண்டு தடவை கேட்டு வாங்கினான், பாத்திரம் கழுவிக் கொடுத்தான். மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. ஒரு கடிதம் கிடையாது, ஒரு போன் கிடையாது. சோறு போட்ட வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போகிற பிள்ளையா என்று லியோனாவுக்கு மனதில் ஒரு வருத்தம் இருந்தது. இரண்டு வருஷமும் இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் போன் செய்தாள். பத்தொன்பதில் பதினொரு பேர் கிடைத்தார்கள். பதினொரு பேரும் ஒரே கதையைச் சொன்னார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் கோச்சிடமிருந்து போனில் ஒரு செய்தி, ஜனவரியில் உனக்கு இடம் இல்லை, வேறு கல்லூரி பார்த்துக்கொள் என்று. அமாரி தெற்கே இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு இறைச்சி ஆலையில் வேலை செய்வதாகத் தெரிந்தது. இதைப் போனில் பேசுவதாயில்லை என்று லியோனா முடிவு செய்தாள். முட்டைக்கோசும் இறைச்சியும் அடைத்த பியராக் ரொட்டி இரண்டு டஜன் சுட்டு, துணியில் சுற்றிப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு, பனிக்காற்றில் தனியாக ஓட்டிப்போனாள்.

ஆலை வாசலில் மதிய இடைவேளையில் அவனைப் பார்த்தாள். தோள் இன்னும் அகன்றிருந்தது. அவளைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப் பிடித்துக்கொண்டான். வண்டிக்குள் உட்கார்ந்து இரண்டு பியராக் தின்னும்வரை அவள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவதை எடுக்கும்போது, ஏன் சொல்லாமல் போனாய் என்று கேட்டாள். அமாரி ரொட்டியை மடியில் வைத்துவிட்டான்.

"உங்க மேஜையில உக்காந்திருக்கும்போதுதான் அந்த மெசேஜ் வந்துச்சு லியோனாம்மா. உருளைக்கிழங்கு கேட்டேனே, அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி."

"அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா."

"நீங்க எல்லாரும் சிரிச்சிட்டிருந்தீங்க. நான் சொல்லியிருந்தா உங்க கிறிஸ்துமஸ் கெட்டுப்போயிருக்கும். அப்புறம் எந்த மூஞ்சியோட போன் பண்றதுன்னு விட்டுட்டேன்."

லியோனாவுக்கு அழுகை வந்தது, அழுதாள். தன் மேஜையில், தன் கையால் பரிமாறிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளைக்கு இது நடந்திருக்கிறது; அவள் அவனை நன்றிகெட்டவன் என்று நினைத்துக்கொண்டு இரண்டு கிறிஸ்துமஸ் கொண்டாடியிருக்கிறாள். அமாரி அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று. கோச்சைப் பற்றித் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் திட்டவில்லை. நாலு மாசத்தில் அவர் கற்றுக்கொடுத்ததை அதற்கு முன் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்றான். ஆலைக்குப் பின்னால் ஒரு கூடை இருக்கிறதாம். இப்போதும் தினமும் அவர் சொன்னபடி பந்தைத் தரையில் இரண்டு தட்டு தட்டி, மூச்சை விட்டு, ஐம்பது ஃப்ரீ த்ரோ போடுகிறானாம்.

"ரொம்ப நல்ல கோச். அதனாலதான் இன்னும் வலிக்குது," என்றான்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. டிராக்டர் கொட்டகைக்கு முன்னால் இருக்கும் சிமெண்டுத் தரையில் கெல்வின் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தான். லியோனா வண்டியிலிருந்து இறங்காமல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இறங்கிப்போய், இத்தனை நாள் கேட்கத் துணியாததைக் கேட்டாள்: இந்த ஆளிடம் நீ எதையாவது கற்றுக்கொண்டாயா, இல்லை மாமா சொல்கிற மாதிரி பூந்தொட்டிதானா?

கெல்வின் இடது பக்கமாகப் புகுந்து இடது கையால் கூடை போட்டான். மறுபடி போட்டான். ஐந்தாவது தடவை போட்டபோதுதான் லியோனாவுக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்தில் இவனுக்கு இடது கை என்று ஒன்று இருப்பதே தெரியாது.

"போன வருஷம் ஒரு மாசம் நான் சாப்பிடுறப்ப மேலெல்லாம் கொட்டிக்கிட்டேனே, நீங்ககூடத் திட்டினீங்களே. கோச்தான் இடது கையால சாப்பிடுன்னு சொல்லியிருந்தார்."

"அதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? நீ ஏதோ கோவத்துல இருக்கேன்னுல்ல நெனச்சேன்."

"எனக்கு இப்ப நல்லா ஆட வருதும்மா. அங்க இருக்கறவனுங்களுக்கு இன்னும் நல்லா வருது. ரெண்டும் நெசம். என்னை வெச்சு யாரும் ஓட்டுப்போட வேண்டாம்."

அவ்வளவுதான் சொன்னான். பிறகு வலது கையால் ஒன்று போட்டான், அது விழவில்லை.

மறுநாள் லியோனா கல்லூரிக்குப் போன் செய்து, திங்கட்கிழமை கூட்டத்தில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கப்போகிறேன், தயாராக வாருங்கள் என்று ஹார்கிஸிடம் சொன்னாள். என்ன கேள்வி என்றார். பத்தொன்பது பேரைப் பற்றி என்றாள். வருகிறேன் என்று வைத்துவிட்டார்.

நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு வழக்கமாக ஏழு பேரும் ஒரு நாய்க்குட்டியும் வருவார்கள். நாய்க்குட்டி குழுத்தலைவரான மாட்டு டாக்டர் ஃபிங்க்குடையது. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் நூலக அறையில் நிற்க இடமில்லை. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து நாற்காலி தூக்கிவந்து போட்டார்கள். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். நார்பர்ட் முதல் ஆளாக எழுந்தார்.

அவர் நன்றாகத்தான் பேசினார், இல்லையென்று சொல்லக்கூடாது. இது ஊர் வரியில் நடக்கிற கல்லூரி. நம் வயலில் வேலை செய்கிற பிள்ளை நம் சட்டையைப் போட்டு ஆட முடியவில்லை என்றால் அந்தச் சட்டையில் ஹாலவே என்று எதற்கு எழுதியிருக்கிறது என்று கேட்டார். இரண்டு குளிர்காலம் இருந்துவிட்டுப் போகிறவனின் பெயரைக்கூட நமக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை என்றார். கடைசியில் ஹார்கிஸைப் பார்த்துத் திரும்பினார்.

"கான்சாஸ்ல பிள்ளைங்களே பொறக்கலையா கோச்? நாங்க எல்லாம் வெறும் கோதுமை மட்டும்தான் வெளைய வைக்கிறோமா?"

அறை சிரித்துக் கைதட்டியது. ஃபிங்க் மேஜையைத் தட்டி அமைதியாக்கினார். வேறு ஆறேழு பேர் இரண்டு பக்கமும் பேசினார்கள். ஒருவர் வெற்றிகளைச் சொன்னார், இன்னொருவர் தோல்விகளைச் சொன்னார். பிறகு லியோனாவின் முறை வந்தது. அவள் இரண்டு தாள் கொண்டுவந்திருந்தாள். எழுந்து நின்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். கோடு போட்ட சட்டையில்தான் வந்திருந்தாள், மறந்துபோய் அல்ல.

முதல் தாளில் வட்டக் கணக்கு இருந்தது. ஐம்பத்தெட்டு எழுபத்தொன்றானதைச் சொன்னாள். அறுபத்துநாலு அறுபத்துநாலாகவே இருந்ததையும் சொன்னாள். நார்பர்ட்டின் முகம் சுருங்கியது. இரண்டாம் தாளில் பெயர்கள் இருந்தன. நிதானமாக, ஊர்ப் பெயரோடு சேர்த்து வாசித்தாள். பத்தொன்பதும் முடிய இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கூட்டத்தில் யாரோ ஒரு பெண், அந்தப் பையன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான் என்று மெல்லச் சொன்னாள். வேறொருவர், இவன் எங்கள் வீட்டில் என்றார். நார்பர்ட்டும் ஒரு பெயரில் தலை நிமிர்ந்தார். அவர் ஜோக்குகளுக்கு அப்படிச் சிரித்தவன் வேறு யாரும் இல்லை.

"கோச்," என்றாள் லியோனா. "இவங்கள்ல ஒருத்தன்கிட்டயாவது நேர்ல உக்காந்து சொன்னீங்களா?"

ஹார்கிஸ் எழுந்து நின்றார். உயரமான ஆள், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லக்கா. சொல்லல." அவள் கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "ஒருத்தனை மூணு மாசம் பாப்பேன். தேறலேன்னா ஜனவரியில வேற ஆளை எடுப்பேன். எல்லாக் கோச்சும் அப்படித்தான் பண்றாங்க. பண்ணலேன்னா தோப்பேன். தோத்தா நீங்க என்னை அனுப்புவீங்க."

அது பொய்யில்லை. அறையில் இருந்த பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஏனென்றால் ஒவ்வொரு ஜனவரியும் நல்ல ஆளாக யாரையாவது பிடித்துப்போடு என்று அவரைப் பிடுங்கியெடுத்தவர்களே அவர்கள்தான். லியோனா தாளை மடித்தாள்.

"கூட்டிட்டு வந்தா ரெண்டு வருஷம் வெச்சிருக்கணும். பாடத்துல பாஸ் பண்றவனை, ஒழுங்கா நடக்கறவனை, ஆட்டம் வரலேங்கறதுக்காக அனுப்பக்கூடாது. இதை ஒப்பந்தத்துல எழுதினா என் ஓட்டு உங்களுக்கு. எழுதலேன்னா இல்ல."

"அந்த விதி இருந்திருந்தா இந்த அஞ்சு வருஷத்துல இருபது ஆட்டமாவது கூடுதலாத் தோத்திருப்போம்க்கா."

"தோத்தா தோத்ததுன்னு எழுதிக்கறேன். அதுதானே என் வேலை. அம்பத்தெட்டை எழுவத்தொண்ணாக்கத் தெரிஞ்ச உங்களுக்கு ஆளை மாத்த வேண்டிய அவசியம் என்ன? இருக்கறவனை மாத்துங்க."

ஹார்கிஸ் தொப்பியை விரித்தார், மறுபடி சுருட்டினார். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அந்த விதியோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா என்று ஃபிங்க் ஓட்டுக்கு விட்டார். மூன்று கைகள் உயர்ந்தன. லியோனா அண்ணனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினார். அவள் கையைத் தூக்கினாள், ஃபிங்க் எண்ணி முடித்து எழுதிக்கொள்ளும்வரை கீழே இறக்கவில்லை.

அதற்குப் பிறகு பத்து மாசம் நார்பர்ட் தங்கையோடு பேசவில்லை. ஈஸ்டருக்கு வரவில்லை. ஜூனில் அறுவடையானபோது கோதுமையையே இருபது மைல் தள்ளி வேறு கிடங்குக்கு ஓட்டிப்போனார். லியோனாவுக்கு அது வலித்தது. ஜன்னல் வழியாக அவர் சிவப்பு ட்ரக் திரும்பாமல் நேராகப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் வலித்தது. ஆனால் அந்த ஓட்டை மாற்றிப் போட்டிருக்கலாம் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. கெல்வின் மே மாசம் படிப்பை முடித்து, கிழக்கே ஒரு ஊரில் விவசாய இயந்திரம் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தான். ஹார்கிஸ் கோடையில் ஒருநாள் வேனை எடுத்துக்கொண்டு தெற்கே இறைச்சி ஆலைக்குப் போய் வந்ததாக அமாரி போனில் சொன்னான். என்ன பேசினார் என்று லியோனா கேட்கவில்லை, அது அவர்கள் இருவரின் விஷயம்.

ஆகஸ்டில் புது ஆட்டக்காரர்கள் வந்தார்கள். லியோனாவின் வீட்டுக்கு வந்தவன் அர்கன்சாவிலிருந்து ஓரின் டாஸ் என்கிற ஆறடி ஒன்பது அங்குலப் பையன். கதவைத் திறக்கும்போதெல்லாம் குனிவான், குனிந்தும் இடித்துக்கொள்வான். டிசம்பர் முடிய அவன் ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. எடுத்த ஆறு ஃப்ரீ த்ரோவும் வெறும் வட்டம். அணி ஆறு ஆட்டம் தோற்றிருந்தது. பழைய காலமாக இருந்திருந்தால் ஓரினின் பெயர் ஜனவரிக்கு வராது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் நார்பர்ட் வந்தார். அவர் மனைவி இழுத்துக்கொண்டு வந்தாள் என்பதே சரி. கோட்டைக் கழற்றும்போதே, ஆறு தோல்வி, வாழ்த்துகள் என்றார் தங்கையிடம். உட்கார், சூப் ஆறுகிறது என்றாள் அவள். பத்து மாசத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். ஓரின் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் முழங்காலை மேஜையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சாப்பாடு பாதியில் ஓரினின் போன் அதிர்ந்தது.

லியோனா உருளைக்கிழங்குக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது. அதே நாற்காலி, அதே நாள். ஓரின் போனை எடுத்துப் படித்தான், நெற்றியைச் சுருக்கினான்.

"யாருப்பா?" என்றாள்.

"கோச்தாம்மா." அவன் போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். இருபத்தேழாம் தேதி காலை பத்து மணிக்குப் பயிற்சி, அதுவரை இடது கையால் சாப்பிடு என்று இருந்தது.

லியோனா கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சற்று நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஓரின் பெருமூச்சு விட்டு முள்கரண்டியை இடது கைக்கு மாற்றினான். முதல் உருளைக்கிழங்கு நார்பர்ட்டின் மடியில் விழுந்தது. இரண்டாவது தரையில். மூன்றாவது, மேஜையே பார்த்துக்கொண்டிருக்க, ஆடி ஆடிப் போய் வாய்க்குள் விழுந்தது. லியோனா இரண்டு கையையும் தூக்கிப் படபடவென்று தட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்ததை அவள் துடைக்கவும் இல்லை.

"முப்பத்தோரு வருஷமா கூடை விழுந்தப்பல்லாம் கல்லு மாதிரி உக்காந்திருந்தவ, உருளைக்கெழங்கு விழுந்ததுக்குத் தட்டுறாளே," என்றார் நார்பர்ட் எர்வினிடம். பிறகு பேன்ட்டைத் துடைத்துக்கொண்டு ஓரினிடம் திரும்பினார். "கரண்டியை இன்னும் கிட்டப் பிடிடா. உம் பேர் என்ன சொன்ன?"

ஜனவரி நாலாம் தேதி முதல் ஆட்டம். லியோனா கோடு போட்ட சட்டையோடு ஒரு மணி நேரம் முன்னதாகவே மேஜைக்குப் போய், பென்சிலைச் சீவி, புதுப் பக்கத்தைத் திறந்தாள். அணிப் பட்டியலைக் கையில் வாங்கியதும் நவம்பர்ப் பக்கத்தைப் புரட்டி ஒவ்வொரு பெயராக ஒத்துப்பார்த்தாள். அப்போது பதினாலு பேர், இப்போதும் பதினாலு பேர். ஒவ்வொருவராக எழுதிக்கொண்டு வந்தாள். கடைசி வரியில் ஓரின் டாஸ் என்று எழுதி, அவனுடைய காலிக் கட்டங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, நேரம் வந்ததும் ஆட்டம் தொடங்கட்டும் என்று நடுவருக்குத் தலையசைத்தாள்.